டாங்கிக்கு உள்ளே வெள்ளை

மதினி,

போன செவ்வாய்க்கிழமை உங்கள் மூத்தவன் ஆட்டோவில் ஒரு மூட்டையோடு வந்து இறங்கினான். பழைய எட்டுமுழ வேட்டியில் சுற்றி நான்கு மூலையையும் இழுத்துக் கட்டிய மூட்டை. "அம்மா சொல்லிட்டுப் போயிருக்கு அத்தை, இது ஒங்களுக்காம்" என்று கூடத்தில் வைத்துவிட்டு, காப்பியைப் பாதி குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டான். முடிச்சைப் பார்த்ததுமே நீங்கள் போட்டது என்று தெரிந்துவிட்டது. நீங்கள் போடும் முடிச்சு விரலுக்கு அவிழாது. அரிவாள்மனையைக் கொண்டுவந்து அறுத்தேன்.

உள்ளே நாம் இரண்டு பேரும் செய்த மர டாங்கி இருந்தது. ஒரு சக்கரத்தைக் காணோம். மற்றபடி நாம் விட்ட மாதிரியே, இரண்டடி நீளத்துக்குக் கூடத்து நடுவில் உட்கார்ந்திருந்தது. டிரைவர் இறங்கும் மூடியை நகத்தால் நெம்பித் திறந்து மூக்கை வைத்தேன். டர்பன்டைன் வாசம். இத்தனை வருஷத்துக்கு அப்புறமுமா என்று யாராவது கேட்டால் கேட்கட்டும், எனக்கு அடித்தது. நீங்கள் போய் நாற்பத்தொரு நாள் ஆகிறது. துக்கத்துக்கு வந்தவர்கள் முன்னால் மரியாதையாக அழுது முடித்திருந்தேன். அன்றைக்கு அந்த ஓட்டையில் மூக்கை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தேன். உங்கள் தம்பி உள்ளேயிருந்து, "என்ன சிவகாமி, ஒடம்புக்கு என்ன செய்யுது?" என்று பதறிக்கொண்டு வந்தார்.

உங்களை நான் முதலில் டீச்சர் என்றுதான் கூப்பிட்டேன். புதுக்கோட்டையில் அந்தப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் நான் மூன்றாம் வகுப்பு ஆசிரியையாக வந்து சேர்ந்தபோது, நீங்கள் அங்கே பத்து வருஷமாகப் பழம் தின்று கொட்டை போட்ட தையல் டீச்சர். சுற்றி வளைத்துப் பார்த்ததில் சொந்தம் என்று தெரிந்ததும் தெருவில் அக்கா ஆனீர்கள். மதினி ஆனது கடைசியில்தான், அதற்கு ஒரு டாங்கியே செய்ய வேண்டியிருந்தது.

உங்கள் தம்பி கருப்பையா அப்போது வடக்கே பட்டாளத்தில் இருந்தார். டாங்கி ஓட்டுகிறார் என்று நீங்கள் சொல்லாத ஆள் இல்லை. காலையில் பிரார்த்தனை வரிசையில் நின்றுகொண்டே சொல்வீர்கள். பால்காரருக்குத் தெரியும், தபால்காரருக்குத் தெரியும், தையல் வகுப்பில் ஊசி தொலைத்த பிள்ளைகளுக்கு "டாங்கி ஓட்டுறவன் அக்காகிட்டயா ஏமாத்துற?" என்று மிரட்டல். ஆனால் வடக்கே சண்டை வந்த அந்த மாதம் வாய் அடங்கிவிட்டது. சாயங்காலம் நகராட்சிப் பூங்காவில் ரேடியோவுக்குக் கீழே போய் நிற்பீர்கள். நானும் துணைக்கு வருவேன். செய்தி கேட்டு ஆண்கள் கை தட்டுவார்கள். நீங்கள் ஒரு நாளும் தட்டியதில்லை. திரும்பி நடக்கும்போது ஒருநாள் கேட்டீர்கள்: "அந்தப் பெட்டிக்குள்ள காலு நீட்ட எடம் இருக்குமா சிவகாமி?"

அன்றிலிருந்துதான் அவருக்கு நீங்கள் கேள்வியாக எழுத ஆரம்பித்தீர்கள். உட்காரும் இடம் எப்படி, தலை இடிக்குமா, வெளிச்சம் உண்டா, காற்று வருமா. சண்டை ஓய்ந்த பிறகும் கேள்வி ஓயவில்லை. அவரும் சலிக்காமல் பதில் எழுதினார். அந்த இன்லண்டு லெட்டர்களை மதியச் சாப்பாட்டு மணியில் எனக்கு வாசித்துக் காட்டுவீர்கள். ஊர்ப்பெயர் இருந்த இடத்தில் மேலதிகாரி மை பூசியிருப்பார். மிச்சமெல்லாம் அப்படியே இருக்கும். "உள்ளே முழுக்க வெள்ளை அக்கா. மூடியை மூடினால் இருட்டு. ஒரு சின்ன லைட்டுத்தான். வெள்ளையாக இருந்தால்தான் அந்த வெளிச்சம் சுவரில் பட்டு நாலு பக்கமும் பரவும். எண்ணெய் கசிந்தாலும் வெள்ளையில் உடனே தெரிந்துவிடும். முதலில் சிவப்பு பிரைமர், அது காய்ந்ததும் வெள்ளை இரண்டு கோட்டு. மூலைக்கு ஒரு இஞ்சு பிரஷ்தான் சரி. மூடிக்குள் ரொம்ப நேரம் இருந்தால் வாசத்துக்குத் தலை சுற்றும்." இப்படிப் பக்கம் பக்கமாக இருக்கும். பிறந்த ஊரைப் பற்றிக்கூட யாரும் அவ்வளவு ஆசையாக எழுதி நான் படித்ததில்லை. எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. முகம் பார்த்ததில்லை. அந்த வெள்ளை பெயிண்டை வைத்தே பிடித்துப்போயிற்று. அதை உங்களிடம் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை. நீங்கள் எனக்கு இடுப்பளவு எடுப்பது போல ஏற இறங்க ஒரு பார்வை பார்த்துவிட்டு, அந்த ஞாயிற்றுக்கிழமையே தட்டில் வெற்றிலை பாக்கோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டீர்கள்.

என் அப்பா கடற்கரை மீமிசலுக்குப் போகும் பஸ்ஸில் டிரைவர். முப்பது வருஷமாக ஒரே ரூட்டு. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது காக்கிச் சட்டையில் கருவாட்டு வாசம் அடிக்கும். நீங்கள் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு வெற்றிலைத் தட்டைத் தொடாமலே சொன்னார்: "டிரைவருக்குப் பொண்ணு குடுக்குறதா இல்லைம்மா."

அடுப்படியிலிருந்து என்னைப் பெற்ற ஆத்தா, "எங்க ஐயாவுக்கு அந்தப் புத்தி இல்லாமப் போச்சே" என்றது.

அப்பா கண்டுகொள்ளவில்லை. "பஸ்ஸுன்னாக்கூட கதவு இருக்கு, கண்ணாடி இருக்கு. ஒண்ணுன்னா குதிச்சுரலாம். அந்த இரும்புப் பெட்டியில எங்கிட்டுக் குதிக்கிறது? எம்புள்ளை தெனம் ரேடியோவுக்குக் கீழ நிக்கணுமா?" என்றார். நீங்கள் வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டீர்கள். நீங்களே அப்படி நின்றுகொண்டிருந்தவர்தானே.

ஒரு தரம் வேண்டாம் என்று சொன்ன வீட்டில் மறுபடி பெண் கேட்டுப் போவது நம் பக்கத்தில் வழக்கமில்லை. போனால் இரண்டு வீட்டுக்கும் மரியாதைக் குறைச்சல். அதனால் கதை முடிந்தது என்று நான் இரண்டு நாள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் மதிய மணியில் நீங்கள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் டப்பாவிலிருந்த வத்தலையும் எடுத்துக்கொண்டு சொன்னீர்கள்: "கேட்டுப் போகக் கூடாதுதான். ஒங்கப்பா தானா வந்து பாத்தா அது வேற. வண்டி ஓட்டுறவருக்கு வாய்ப்பேச்சு ஆகாது. வண்டியக் காட்டணும். உள்ள எப்பிடி இருக்குன்னு காட்டிட்டா மனசு எளகும்."

பள்ளிக்கூடங்களெல்லாம் சேர்ந்து கண்காட்சி வைக்கும் வருஷம் அது. தையல் வகுப்பிலிருந்து எப்போதும் தலையணை உறையும், "நல்வரவு" என்று குறுக்குத் தையல் போட்ட துணியும் போகும். நீங்கள் தலைமை ஆசிரியை அறைக்குப் போய், இந்தத் தடவை டாங்கி என்றீர்கள். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு கேட்டது: "தையலுக்கும் டாங்கிக்கும் என்ன டீச்சர் சம்பந்தம்?"

"உள்ள சீட்டு இருக்குங்க. மெத்தை தைக்கணும்ல?" என்றீர்கள். அந்த அம்மா பட்டியலில் டாங்கி என்று எழுதிக்கொண்டது.

நிஜ டாங்கியின் அடிக்கு நமக்கு ஒரு இஞ்சு என்று கணக்கு. அவர் கடிதத்தில் எல்லாவற்றையும் சாண், முழம், "நான் குந்தினால் தலைக்கு மேலே ஒரு கை" என்றுதான் எழுதியிருந்தார். உங்கள் வீட்டுப் பின்கட்டு நிலைப்படியில், அவர் பட்டாளத்துக்குப் போன அன்று நீங்கள் பென்சிலால் போட்ட உயரக் கோடு இருந்தது. அதற்குப் பக்கத்தில் இஞ்சு டேப்போடு குந்தி உட்கார்ந்து அளந்தீர்கள். தேயிலைப் பெட்டிப் பலகையில் உடம்பு. காலியான நூல்கண்டுக் கட்டைகள் சக்கரம். சைக்கிள் டியூபை வெட்டிக் கோணி ஊசியால் தைத்த பட்டை. பீரங்கிக் குழலுக்குத்தான் எதுவும் சரிப்படவில்லை. மூங்கில் வைத்துப் பார்த்தோம், நீங்கள் "கொடிக்கம்பு மாதிரி இருக்கு" என்று வீசிவிட்டீர்கள். அப்புறம் எங்கள் வீட்டு அடுப்படியில் கிடந்த பித்தளை ஊதாங்குழல் உங்கள் கண்ணில் பட்டது. அளந்து பார்த்தால் கனகச்சிதம். நான் அதை முந்தானைக்குள் வைத்துக் கொண்டுவந்தேன். ஆத்தா ஒரு வாரம் அட்டையால் அடுப்பை விசிறிக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரியைச் சந்தேகப்பட்டுக் கொண்டிருந்தது.

அந்த மகா தப்பு ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் நடந்தது. மேல் பலகை சரியாக உட்காருகிறதா என்று வைத்துப் பார்த்தோம். அழகாக உட்கார்ந்தது. அந்தச் சந்தோஷத்தில் நீங்கள் வச்சிரப் பசையைக் காய்ச்சி ஊற்றி, ஆணியும் அடித்து, மேலே அரிசி மூட்டையைத் தூக்கி வைத்துவிட்டீர்கள். பிறகு இரண்டு பேரும் காப்பி குடித்தோம். டம்ளரைக் கீழே வைக்கும்போதுதான் உங்கள் முகம் மாறியது.

"உள்ள வெள்ளை அடிக்கலையே."

பசை பிடித்துவிட்டது. பிரித்தால் பலகை பிளந்துவிடும். உள்ளே போக இருந்த வழியெல்லாம் இரண்டு மூடி மட்டும். டிரைவர் மூடி ஒன்றரை இஞ்சு. நான் சும்மா இராமல் சொன்னேன்: "விடுங்கக்கா. உள்ளுக்குள்ள யாரு பாக்கப் போறா? வெளிய அடிச்சாப் போதாதா?"

நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. கோபமில்லை. "உள்ள உக்காந்திருக்கிறவன் பாப்பான்ல" என்றீர்கள்.

டார்ச் லைட்டையும் உங்கள் பவுடர் டப்பாக் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பிரஷ் ஓட்டைக்குள் போனாலும் மூலைக்குத் திரும்பவில்லை. நீங்கள் குரோஷா ஊசியின் கழுத்தை அடுப்பில் காட்டி வளைத்தீர்கள். நுனியில் கட்ட முடி வேண்டும். கோழி இறகைக் கட்டிப் பார்த்தோம், பெயிண்டில் நனைந்து செத்துப்போனது. நீங்கள் யோசிக்கவே இல்லை. சடையின் நுனியை முன்னால் இழுத்துப் போட்டு, தையல் கத்தரிக்கோலால் இரண்டு விரற்கடை வெட்டிவிட்டீர்கள். அது போதாது என்று இன்னும் இரண்டு விரற்கடை என் சடையில் வெட்டினீர்கள். என்னைக் கேட்கவில்லை.

நான் ஒரு மூடி வழியாகக் கண்ணாடியை நீட்டிப் பிடிப்பேன். நீங்கள் இன்னொரு மூடி வழியாக ஊசியை விட்டு, கண்ணாடியில் பார்த்தபடி அடிப்பீர்கள். கண்ணாடியில் இடம் வலமாகத் தெரியும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். கைக்குத் தெரியவில்லை. சுவர் என்று நினைத்து என் கட்டைவிரலுக்கு முதல் கோட்டு அடித்தீர்கள். "ஒன்னைய ஆருடி அங்கிட்டுக் கை வைக்கச் சொன்னது?" என்று எனக்குத் திட்டு. பிறகு கண்ணாடிக்கே அடித்துவிட்டு, "லைட்டு போயிருச்சு" என்றீர்கள். சிவப்பு ஒரு கோட்டு, வெள்ளை இரண்டு கோட்டு, எதையும் குறைக்கவில்லை. மரத்துக்கு எதற்கு பிரைமர் என்று கேட்டேன். "தம்பி எழுதிருக்கான்" என்றீர்கள், அவ்வளவுதான்.

இரண்டு பேர் மூஞ்சியும் நாள் முழுக்க அந்த ஓட்டைக்கு அரைச்சாண் தூரத்தில். மூன்றாவது நாள் வாசம் தலைக்கேறி, காரணமே இல்லாமல் நீங்கள் சிரிக்க ஆரம்பித்தீர்கள். நானும் சேர்ந்துகொண்டேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்கட்டில் உருண்டோம். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தலை சுத்தும்னு எழுதிருந்தான், பாரு, எவ்வளவு சரியா எழுதிருக்கான்" என்று தம்பியை நினைத்து உருகினீர்கள். டாங்கி ஓட்டுகிறவருக்கு எதற்குப் பெயிண்ட் வாசத்தில் தலை சுற்ற வேண்டும் என்று நமக்குத் தோன்றவில்லை. தோன்றும் நிலைமையிலும் நாம் இல்லை.

கடைசி நாள் என்னை டர்பன்டைன் வாங்கிவரக் கீழராஜ வீதிக்கு அனுப்பினீர்கள். பாட்டிலில் பாதிக்கு மேல் இருந்தது. அதைச் சொன்னதற்கு, "பத்தாது, போயிட்டு வா" என்றீர்கள். வெயிலில் போய் வாங்கிக்கொண்டு வந்தால், நீங்கள் மூடியைச் சாத்திவிட்டுக் கைகழுவிக்கொண்டிருந்தீர்கள். உள்ளே சீட்டில், உங்கள் கல்யாண ரவிக்கையில் மிஞ்சிய பச்சை வெல்வெட்டில் தைத்த மெத்தை போட்டாயிற்று என்றீர்கள். ஓரத்தில் ஜரிகை வேறு. உலகத்தில் எந்தப் பட்டாளத்திலும் அப்படி ஒரு சீட்டு இருந்திருக்காது.

அதே வாரத்தில்தான் பள்ளிக்கூடத்தில் என் தலை காணாமல் போனது. ஆசிரியைகள் எல்லாரும் சேர்ந்து எடுத்த குழுப்படம் ஒன்று அட்டையில் ஒட்டி அலமாரியில் இருந்தது. எடுத்துப் பார்த்தால், பதினோரு பேரில் என் முகம் இருந்த இடத்தில் மட்டும் ஓட்டை. தலைமை ஆசிரியை விசாரணை வைத்தார். ஆயாவிலிருந்து வாட்ச்மேன் வரைக்கும் கேட்டுப் பார்த்துவிட்டு, கரையான் என்று முடிவு செய்தார். பத்துப் பேரை விட்டுவிட்டு என்னை மட்டும் தின்ற கரையான் மேல் எனக்கு ஆத்திரமாக வந்தது. நீங்கள் படத்தை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "கரையானுக்கும் ருசி தெரியுது" என்றீர்கள்.

கண்காட்சி அன்று அப்பா வருவாரா என்பதே எனக்குப் பயமாக இருந்தது. வந்தார். டியூட்டி முடித்துக் காக்கியோடு, ஆத்தாவையும் கூட்டிக்கொண்டு வந்தார். தலையணை உறைகளைத் தாண்டி நேராக நம் மேசைக்குத்தான் வந்தார். வண்டி என்றால் மாட்டு வண்டியைக்கூட ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்காமல் போகமாட்டார். குனிந்து பட்டையை நிமிண்டினார். சக்கரத்தைச் சுற்றினார். "யாரு செஞ்சது?" என்றார்.

"நாங்க ரெண்டு பேருந்தாங்க மாமா. உள்ள பாருங்க" என்று டார்ச்சை நீட்டினீர்கள்.

அப்பா ஒரு கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு கண்ணை ஓட்டையில் வைத்தார். ரொம்ப நேரம் வைத்திருந்தார். "பளிச்சுனு இருக்கே" என்றார். உங்கள் முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்துக்கு டார்ச்சே வேண்டியதில்லை. அப்புறம் ஓட்டையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்:

"பிரேக்கு எங்கிட்டு இருக்கு?"

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள்.

"கிளச்சு? கியரு எத்தனை?"

"அதெல்லாம் அவன் எழுதலைங்க மாமா."

அப்பா நிமிர்ந்தார். "ரெண்டு வருசமா ஓட்டுறான். கியரைப் பத்தி ஒரு வார்த்தை எழுதலையா?"

கடிதங்கள் உங்கள் பையிலேயே இருந்தன. ஆதாரம் கேட்டால் காட்ட வேண்டும் என்று கொண்டுவந்திருந்தீர்கள். அப்பா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்து, பதினான்கு கடிதத்தையும் ஒன்று விடாமல் படித்தார். கூட்டம் நம்மைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தது. நாம் தேர்வு எழுதிய பிள்ளைகளைப் போல நின்றோம். படித்து முடித்ததும் கடிதங்களைச் சீராக அடுக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"என் பஸ்ஸுக்கு உள்ள என்ன கலருன்னு கேளு, எனக்குத் தெரியாது."

"பச்சைப்பா" என்றேன்.

"இருக்கும். டிரைவரு உள்ள பாக்க மாட்டாம்மா. ரோட்டைப் பாப்பான். இத்தனை லெட்டர்ல ஒரு எடத்துல ரோட்டைப் பத்தி எழுதிருக்கானா இவன்? மேடு, பள்ளம், சேறு, ஒண்ணு உண்டா? முழுக்கப் பெயிண்டு. எத்தனை கோட்டு, எத்தனை நாள் காயும், எந்த மூலைக்கு எந்த பிரஷ்." கண்ணாடியைக் கழற்றினார். "ஒந்தம்பி டாங்கி ஓட்டலம்மா. டாங்கிக்குப் பெயிண்டு அடிக்கிறான்."

வருஷக்கணக்காக ஊர் முழுக்கச் சொன்னது எல்லாம் உங்கள் முகத்தில் வரிசையாக வந்து போனது, பால்காரர், தபால்காரர், ஊசி தொலைத்த பிள்ளைகள். எனக்கு உங்களைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. பிறகு மெதுவாகக் கேட்டீர்கள்:

"அப்ப, சண்டையில அவன் உள்ள உக்காரலையா மாமா?"

"பெயிண்டு அடிக்கிறவன் ஒர்க்ஷாப்புல இருப்பாம்மா. சண்டைக்கு எதுக்குப் போறான்?"

பெஞ்சின் நுனியில் பொத்தென்று உட்கார்ந்தீர்கள். மறுமுனை தூக்கியதில் அப்பா விழப் பார்த்தார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, பூங்காவில் அழாததையெல்லாம் சேர்த்து அங்கே அழுதீர்கள். நடுவில் சிரித்தீர்கள். மறுபடி அழுதீர்கள். நானும் அழுதேன். தலைமை ஆசிரியை ஓடிவந்து, பரிசு கிடைக்கவில்லை என்றா அழுகிறீர்கள், இன்னும் அறிவிக்கவே இல்லையே என்று தேற்றினார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு நீங்கள் தலை நிமிர்ந்ததும் கேட்ட முதல் கேள்வி, கேட்கக் கூடாத கேள்வி:

"அப்பப் பொண்ணு குடுப்பீங்களா மாமா?"

அப்பா காக்கிச் சட்டைப் பையில் கண்ணாடியைச் சொருகினார். "நான் வேண்டாம்னு சொன்னது டிரைவருக்கு. பெயிண்டருக்கு நீ இன்னம் கேக்கவே இல்லையே" என்றார்.

அந்த நிமிஷத்தை நான் அனுபவிப்பதற்குள் ஆத்தாவின் குரல் கேட்டது. "இது என் ஊதாங்குழலுல்ல?" என்று பீரங்கியை ஒரே இழுப்பில் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டது. நடுவர்கள் வந்தபோது பீரங்கி இல்லாத டாங்கிதான் இருந்தது. வெளியே எதையோ காணோமே என்று யோசித்துக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்தார்கள். உட்புற வேலைக்கு என்று ஆறுதல் பரிசாக ஒரு சோப்புப் பெட்டி கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு நீங்கள் பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. அப்பா ஊகமாகச் சொன்னதற்கு எழுத்தில் உறுதி வேண்டும் என்றார். நீங்கள் எழுதிப் போட்டீர்கள். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. மதினி, அந்தக் கடிதம் இன்னும் என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. "ஓட்டவும் கற்றுக்கொடுப்பார்கள் போல என்றுதான் முதலில் எழுதினேன். நீ அதற்குள் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன் என்று பதில் போட்டுவிட்டாய். அப்புறம் எப்படி இல்லை என்று சொல்வது. பெயிண்ட்தான் அடிக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே." நீங்கள் கோபித்துக்கொள்ள நேரமில்லை. டாங்கி ஓட்டுகிறான் என்று சொன்ன அத்தனை வீட்டுக்கும் போய், இல்லை, ஓட்டவில்லை, சத்தியமாக ஓட்டவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள். எங்கே யாராவது என் அப்பாவிடம் மாற்றிச் சொல்லிவிடுவார்களோ என்று உங்களுக்குப் பயம். பால்காரர் மட்டும் கடைசிவரை நம்பவில்லை. "ரகசியம்னா சொல்லக் கூடாதுதாங்க" என்று கண்ணடித்துவிட்டுப் போனார்.

மாசி மாதம் அவர் லீவில் வந்தார். பெண் பார்க்க எங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்னால், நான் உங்கள் வீட்டுக்கு ஏதோ வேலையாக வருவது போல வர வேண்டும் என்பது உங்கள் ஏற்பாடு. நான் வந்தபோது அவர் பின்கட்டில் டாங்கியின் முன்னால் குந்தி உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையிலிருந்து கைப்பிடி வைத்த ஒரு சின்னக் கண்ணாடியை எடுத்து ஓட்டைக்குள் விட்டு மூலை மூலையாகப் பார்த்தார். ஒர்க்ஷாப் பழக்கம். பார்த்துக்கொண்டே வந்தவர் ஒரு இடத்தில் நின்றார். பிறகு சிரித்தார். சின்னச் சிரிப்பில்லை. தோள் குலுங்க, வெகு நேரம். நிமிர்ந்து என்னைப் பார்த்து, "மூலையில திட்டுத் திட்டா இருக்குங்க" என்றார். அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. எனக்குப் பொசுக்கென்று ஆகிவிட்டது. சடையை வெட்டிக்கொடுத்தவள் நான். ஆனாலும் எங்கள் வீட்டுக்கு வந்து பலகாரத்தில் கை வைப்பதற்கு முன்னாலேயே சம்மதம் என்று சொன்னவரை என்ன செய்ய முடியும்? வைகாசியில் கல்யாணம் ஆனது. இத்தனை வருஷத்தில் எத்தனையோ சண்டையில், "என் வேலையப் பாத்துச் சிரிச்ச ஆளுதானே நீங்க" என்று அதைச் சொல்லிக் காட்டியிருக்கிறேன். நீங்களும் பக்கத்திலேயே இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தீர்கள். ஒரு வார்த்தை சொல்லவில்லையே மதினி.

நேற்று மத்தியானம் அவர் தூங்கும்போது டார்ச்சையும் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு டாங்கி முன்னால் உட்கார்ந்தேன். அந்தத் திட்டுகளை என் கண்ணாலேயே பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. இருந்தன. கை தடுமாறிய இடம், சிரித்த இடம் எல்லாம் அப்படியே இருந்தன. பச்சை வெல்வெட்டு சாம்பலாகியிருந்தது. கண்ணாடியைத் திருப்பி, சீட்டில் உட்கார்ந்தால் கண்ணுக்கு நேரே வரும் சுவரைப் பார்த்தேன். வெளியிலிருந்து எப்படிக் குனிந்தாலும் தெரியாத சுவர். அங்கே, வெள்ளைக்கு நடுவில், ஒரு முகம். அரை இஞ்சு. இரட்டைச் சடை, நடு வகிடு, கேமராவைப் பார்த்து மிரண்ட முழி.

என் தலைதான்.

அவரைத் தட்டி எழுப்பினேன். "தெரியுமே" என்றார். "அன்னைக்கே பாத்தேன். பொண்ணைப் பாக்க வந்தவனுக்குப் பொண்ணு டாங்கிக்குள்ள ஒக்காந்திருந்தா சிரிக்காம என்ன செய்ய? அக்காதான் சத்தியம் வாங்கிருச்சு, தானா சொல்ற வரைக்கும் நான் மூச்சு விடக் கூடாதுன்னு." டாங்கியின் மூடியைத் தடவிப் பார்த்தார். "இப்ப மூட்டையாக் கட்டி அனுப்பிச் சொல்லிருச்சு" என்றார். அவர் கண் கலங்கி நான் பார்ப்பது அபூர்வம்.

நான் ஏன் அன்றைக்கே யோசிக்கவில்லை என்று ராத்திரி முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். புதுக்கோட்டை முழுக்கத் தேடினாலும் அவ்வளவு வட்டமாகக் கத்தரிக்கத் தெரிந்த கரையான் ஒன்றுதான் இருந்தது. உங்கள் தம்பி எங்கேயோ ஒரு இரும்புப் பெட்டிக்குள் தனியாக உட்கார்ந்திருக்கிறான் என்று நினைத்து, எதிரே நான் இருக்கட்டும் என்று வைத்திருக்கிறீர்கள். இப்போதும் அலமாரிக்குப் பெயிண்ட் அடிக்க வருகிறவர்களை உள்பக்கமும் அடிக்கச் சொல்லிச் சண்டை போடுகிறேன். உள்ளே யார் பார்க்கப் போகிறார்கள் என்று அவர்கள் கேட்பார்கள். "உள்ள உக்காந்திருக்கிறவன் பாப்பான்ல" என்று நீங்கள் சொன்னதையே சொல்வேன். அதற்கு இப்படி ஒரு அர்த்தம் உண்டு என்பது எனக்கே நேற்றுத்தான் தெரிந்தது.

அந்தக் குழுப்படம் என்னிடம்தான் இருக்கிறது. நான் ஓய்வு பெற்ற அன்று, என் தலை இல்லாத படம் பள்ளிக்கூடத்துக்கு எதற்கு என்று கேட்டு வாங்கி வந்தேன். அதில் என் ஓட்டைக்குப் பக்கத்திலேயே நீங்கள் நிற்கிறீர்கள், ஒன்றும் தெரியாத முகத்தோடு. இன்று காலை, நீங்கள் எனக்குக் கொடுத்திருந்த உங்கள் பழைய தையல் கத்தரிக்கோலை எடுத்தேன். என்னால் உங்களைப் போல வட்டமாக வெட்ட முடியவில்லை, காதோரம் கொஞ்சம் போய்விட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள். அவர் டார்ச் பிடித்தார். கண்ணாடியில் பார்த்துக் குரோஷா ஊசியால் ஒட்டினேன். முதலில் அவர் கட்டைவிரலில் ஒட்டினேன். மூன்றாவது தடவை சரியாக உட்கார்ந்தீர்கள், அந்த வெள்ளைச் சுவரில், எனக்குப் பக்கத்தில்.

படத்தில் இப்போது இரண்டு ஓட்டை. யாராவது கேட்டால் கரையான் என்று சொல்லிக்கொள்கிறேன்.

சிவகாமி